ஆறுக்குப் பிறகு எட்டு

புது டெல்லி
9 பிப்ரவரி 2025

க. வா.

சுனி,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு இப்போது வேறு வழியில்லை. வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டாய். போன் போட்டால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது. தபால்காரரை பிளாக் செய்ய முடியாது. அதனால் தாளில்.

அத்தைக்கு முட்டி வலி குறைந்ததா? கார்மென்ட்ஸில் உனக்கு இன்னும் நின்றுகொண்டேதான் செக்கிங் வேலையா? எனக்கு இங்கே புகை. டிசம்பரில் பிடித்த இருமல் விடவில்லை.

மேலே 'க. வா.' போட்டிருக்கிறேன். கதிரேஷ் வாழ்க. ஆறாம் வகுப்பில் நாம் இருவரும் இன்லண்ட் லெட்டர் வாங்கி கதிரேஷுக்கு எழுதியபோது போட்டது. ஒரு மாதம் கழித்துக் கையெழுத்து அச்சடித்த போட்டோ வந்தது. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என்னுடையதை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

ரசிகர் மன்றக் கூட்டத்தில் மௌரீன் அக்காவின் மகள் என் கட்டுரையை உரக்கப் படித்தாளாம். அக்காதான் சொன்னார். அது ஓர் ஆய்வு இதழ், சுனி. முந்நூறு பேர் படித்தால் அதிகம். நீங்கள் படிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பெயரும் போடவில்லை. எண் மட்டும்தான்.

செப்டம்பரில் 'பட்டறை வேலன்' மறுபடியும் தியேட்டருக்கு வருகிறதாம். இருபத்தைந்தாம் வருடம். பெண்கள் வரிசையில் உன் பக்கத்து சீட் எப்போதும் என்னுடையது. இன்னமும் என்னுடையதுதானா?

அதை மட்டுமாவது எழுது.

தீபி

*

புது டெல்லி
2 மார்ச் 2025

சுனி,

பதில் இல்லை. கடிதம் வந்து சேர்ந்ததா என்று தபால் நிலைய இணையதளத்தில் பார்த்தேன். 'ஒப்படைக்கப்பட்டது' என்றிருக்கிறது. பெற்றவர்: எல்லம்மா. அத்தை கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார் என்றால் முட்டி வலி தேவலை என்று எடுத்துக்கொள்கிறேன். வாசல்வரை வந்திருக்கிறாரே.

அந்தப் பத்தி மொத்தம் பத்து வரி. நாற்பது பக்கத்தில் பத்து வரி.

இதை எழுதிவிட்டு அடிக்க நினைத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

இருமல் பகலில் இல்லை.

தீபி

*

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
20 மார்ச் 2025

தீபிகாவுக்கு,

அம்மா நடக்கிறாள். நான் நிற்கிறேன். இரண்டு பேரும் சௌக்கியம்.

மேலே க. வா. போடாதே. அது மன்றத்துக்காரர்கள் போடுவது.

பத்து வரி என்று எண்ணி எழுதியிருக்கிறாய். அந்தப் பத்து வரி எங்கள் கூடத்தில் எப்படி விழுந்தது என்று சொல்கிறேன், கேள்.

ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு பேர். மௌரீன் அக்காவின் மகள் போனைப் பார்த்துப் படிக்கிறாள். "பதிலளித்தவர் ஏழு, ஆயத்த ஆடைத் தொழிலாளி. வேலன் ஜெயிலிலிருந்து திரும்பித் தன் வீட்டுக் கதவைத் தட்டும் காட்சியில் இவர் அழுவது, இல்லாத தந்தைக்கான ஈடுகட்டல்."

"ஈடுகட்டல்னா இன்னாடி?" என்றார் மௌரீன் அக்கா. "இன்சூரன்ஸ் மாதிரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அடுத்த வரியைப் படித்தாள். "கதவு திறக்கும்போதெல்லாம் அப்பா என்று நினைப்பேன்."

சிரிப்பு நின்றது. அந்தப் பன்னிரண்டு பேரில் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறவள் நான் ஒருத்திதான். அப்பா வீட்டைவிட்டுப் போனவளும் நான் ஒருத்திதான். அம்மா டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தட்டைக் கீழே வைக்கவில்லை. கொடுக்கவும் இல்லை.

உன் கேள்வித்தாளில் நான் அதை எழுதவில்லை, தீபிகா. 'சென்டிமென்ட் நல்லா இருக்கும்' என்றுதான் எழுதினேன். அப்பாவைப் பற்றி ஒரே ஒரு தடவை, ஒன்பது வயதில், படம் பார்த்துவிட்டு வந்து, போர்வைக்குள், தீபி என்ற ஒருத்தியிடம் சொன்னேன். அவள் கையில் பேனா இருந்தது எனக்குத் தெரியாது.

சீட்டைப் பற்றிக் கேட்டாய். யோசிக்க வேண்டும்.

சுனிதா

*

புது டெல்லி
29 மார்ச் 2025

சுனி,

உன் கடிதம் வந்ததே போதும் என்று முதலில் இருந்தது. படித்த பிறகு அப்படி இல்லை. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அத்தைக்கு வெயிலில் தலைசுற்றல் வருமே, பார்த்துக்கொள்.

நான் எதற்கு எழுதினேன் என்று சொல்ல விடு. இங்கே கருத்தரங்குகளில் ரசிகர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு சிரிப்பு வரும். கட்அவுட், பால், விசில். பாவம், ஏமாந்த கூட்டம் என்ற சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு எதிராகத்தான் எழுதினேன். அழுகைக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது, விசிலுக்குப் பின்னால் காரணம் இருக்கிறது என்று. காரணத்தைக் காட்டினால்தான் இவர்கள் மதிப்பார்கள்.

போன மாதம் லேப்டாப்பில் படத்தைப் பார்த்தேன். கதவுக் காட்சியை நான்கு முறை நிறுத்தி நிறுத்தி. கேமரா எங்கே இருக்கிறது, கதவு திறக்க எத்தனை விநாடி, எல்லாம் எழுதிக்கொண்டேன். உள்ளேயிருந்து வேலனின் அம்மா "யாரு?" என்கிறார். அவன் பதில் சொல்லாமல் திரும்பி நடக்கிறான். கதவு திறக்கிறது. "சோறு ஆறுது, உள்ள வா."

எனக்கு ஒன்றும் வரவில்லை. பதினோரு விநாடி என்று எழுதினேன்.

இன்னொன்று. உன் கட்டிலுக்கு அடியில் நான் விட்டுவந்த அட்டைப்பெட்டி. நூற்றுப்பன்னிரண்டு கேள்வித்தாள்கள். அப்பாவும் அம்மாவும் கிருஷ்ணகிரிக்குப் போன பிறகு பெங்களூரில் நான் எதையாவது விட்டுவரக்கூடிய வீடு உங்களுடையதுதான். பத்திரமாக இருக்கிறதா?

தீபி

*

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
11 மே 2025

தீபிகாவுக்கு,

அம்மாவுக்குத் தலைசுற்றல் இல்லை. இங்கே மழை வந்துவிட்டது. உன் இருமலுக்கு மிளகு, பனங்கற்கண்டு. ஆராய்ச்சி வேண்டாம், அப்படியே குடி.

நாங்கள் ஏமாந்தவர்கள் இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி உன்னிடம் யார் கேட்டார்கள்? யாரோ டெல்லியில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்களைப் பார்த்து எங்கள் லைன் சூப்பர்வைசரே சிரிக்கிறான். வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு லீவு எழுதினால் காரணம் கேட்பான். 'கதிரேஷ்' என்று எழுதிக் கொடுப்பேன். அவனுக்கே நான் காரணம் சொல்வதில்லை.

விசிலுக்குக் காரணம் இருக்கிறதாம். காரணம் தெரிந்த பிறகு நீ ஒரு விசில் அடித்துப் பார். காற்றுதான் வரும்.

அம்மா கேட்டாள். நான்கு மாதம் கழித்து, போன ஞாயிறு மத்தியானம், மாங்காய் நறுக்கும்போது. "இத்தினி வருஷமா நீ அந்த ஆளை எதிர்பார்த்துகினு இருந்தியாடி?"

"ஆமா" என்றேன்.

அதற்கு அம்மா ஒன்று சொன்னாள். அதை எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் ஓர் எண் போடுவாய்.

பெட்டி இருக்கிறது.

சுனிதா

*

புது டெல்லி
24 மே 2025

சுனி,

மிளகு குடித்தேன். அப்படியேதான் குடித்தேன். இருமல் போயிற்று.

உன் கடிதத்துக்கு இது பதில் இல்லை. அது மேசையில் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன்.

விசில் அடித்துப் பார்த்தேன். விடுதி மொட்டைமாடியில். காற்றுதான் வந்தது. முன்பும் எனக்கு வராதே, நீ சேர்த்து அடிப்பாய்.

இது வேலை விஷயம். என் நெறியாளர் சுந்தரராமன் சார், செப்டம்பரில் ஆய்வுக் குழு முன்னால் கேள்வித்தாள்களின் மூலத்தைக் காட்ட வேண்டும் என்கிறார். நகல் செல்லாது. அவை இல்லையென்றால் மூன்றாம் இயலே இல்லை. இரண்டு வருட வேலை. ஆகஸ்டில் வந்து எடுத்துக்கொள்கிறேன். நீ வீட்டில் இல்லாத நேரம் சொன்னால் அப்போது வருகிறேன்.

சீட்டைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வாரம் இதழ்க்காரர்களோடு நிறைய மெயில். தலைவலி. வேறொன்றுமில்லை. அத்தையைக் கேட்டதாகச் சொல்.

தீபி

*

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
3 ஆகஸ்ட் 2025

தீபி,

நீ நலமாக இருக்கும்போது இதைப் படிக்க வேண்டும். உட்கார்ந்து படி. தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொள்.

பெட்டி போய்விட்டது.

படம் வரும்போது பேப்பர் வீசுவது உனக்குத் தெரியும். ஆனால் இப்போது தியேட்டரில் புதுச் சட்டம். செய்தித்தாள் கூடாது, மை சீட்டில் ஒட்டுகிறது என்கிறார்கள். வெள்ளைத் தாள்தான். வெள்ளைத் தாளுக்கு எங்கே போவது? ஒவ்வொருத்தியும் பிள்ளைகளின் பழைய நோட்டு, பரீட்சைத் தாள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் என்று கொண்டுவந்தார்கள். போன ஞாயிறு எங்கள் கூடத்தில் கிழிக்க உட்கார்ந்தார்கள். எனக்கு ஓவர்டைம். நான்கு மணிக்கு வந்தேன். கூடத்தில் கணுக்கால்வரை வெள்ளை.

மௌரீன் அக்கா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "சுனிதா, சூப்பர் பேப்பர் கொடுத்தடி! கட்டை விரல் சைஸ்ல இன்னா அழகா கிழியுது பாரு. வேலன் என்ட்ரிக்குன்னு இதைத் தனியா எடுத்து வெச்சிருக்கோம்."

"நான் எங்கக்கா கொடுத்தேன்?"

"இதோ, இந்த டப்பா. நடுக் கூடத்துல வெச்சிருந்தியே."

நான்தான் வைத்திருந்தேன். நீ வரும்வரை காத்திராமல் உனக்கு அனுப்ப. சனிக்கிழமை கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டி வைத்தேன், திங்கட்கிழமை கூரியரில் போடலாம் என்று. மேலே ஒன்றும் எழுதவில்லை. மன்றத்துப் பெண்கள் பேப்பர் கொண்டுவரும் நாளில், கூடத்தின் நடுவில், ஒரு பெட்டி நிறைய வெள்ளைத் தாள். அவர்கள் என்ன நினைப்பார்கள்? தாங்களே எழுதிக் கொடுத்த தாள் என்றுகூட ஒருத்தியும் பார்க்கவில்லை. கிழிக்கிற வேகத்தில் யார் படிக்கிறார்கள்?

வேண்டுமென்றே செய்தேன் என்று நினைப்பாய். பிப்ரவரியில் என்றால் செய்திருப்பேன். இது பிப்ரவரி இல்லை.

ஒட்ட முடியுமா என்று இரண்டு நாள் பார்த்தேன். ஒரு துண்டில் 'ரொம்பப் பிடிக்கும்' என்று இருந்தது. என்ன பிடிக்கும் என்கிற பாதி கிடைக்கவில்லை.

உன் மூன்றாம் இயல் நான்கு கோணிப் பைகளில் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

சுனி

*

புது டெல்லி
12 ஆகஸ்ட் 2025

சுனி,

உட்கார்ந்துதான் படித்தேன். தண்ணீர் குடித்தேன்.

இரண்டு நாள் உன்மேல் கோபம். எழுதித் தபாலில் போடாத கடிதம் ஒன்று இருக்கிறது, மோசமான கடிதம். மூன்றாம் நாள் தூங்கினேன். பத்து மணி நேரம். ஒரு வருடமாக அப்படித் தூங்கியதில்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன்.

"தாள்கள் இல்லை சார்."

"இல்லன்னா? தொலைஞ்சிடுத்தா?"

"இல்ல சார், இருக்கு. கிழிச்சு வெச்சிருக்காங்க. ஹீரோ வரும்போது ஸ்கிரீன்ல வீசறதுக்கு."

கண்ணாடியைக் கழற்றினார். "நூத்திப்பன்னெண்டுமா?"

"ஆமா சார்."

"யாரு கிழிச்சா?"

"அதை நிரப்பினவங்களேதான் சார்."

மேசையைப் பார்த்துக் குனிந்தார். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவே சற்று நேரம் ஆயிற்று. "மூணாவது இயலை விட்டுடு. ரெண்டோட முடி. ஆறு மாசம் தள்ளிப் போகும், போகட்டும்" என்றார்.

படி இறங்கும்போது கை இரண்டும் லேசாக இருந்தன. இதை எப்படிச் சொல்வது? நூற்றுப்பன்னிரண்டு பேரை எண்ணாகத் தூக்கிக்கொண்டு நடந்தேன் போல. எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

ஒட்டாதே, சுனி. வீசு.

பிப்ரவரியில் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். நீ போர்வைக்குள் சொன்னது என்னுடையது இல்லை. பெயர் போட்டோ போடாமலோ, பத்து வரியோ ஒரு வரியோ, நான் அதை எழுதியிருக்கக் கூடாது. எழுதும்போதே தெரியும். நல்ல வரியாக இருந்தது, எழுதிவிட்டேன்.

சீட் இல்லாவிட்டாலும் வருவேன். பின்னால் நின்று பார்க்கிறேன்.

தீபி

*

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
27 ஆகஸ்ட் 2025

க. வா.

தீபி,

அம்மாவுக்கு முட்டி வலி மறுபடி வந்தது, போனது. தியேட்டர் பால்கனிப் படி ஏற முடியுமா என்று வீட்டுப் படியில் ஏறி இறங்கிப் பார்க்கிறாள். ஆமாம், அம்மாவும் வருகிறாள். இதுவரை டிவியில்தான் பார்த்திருக்கிறாள், தியேட்டரில் இந்தப் படத்துக்கு முதல் தடவை.

நேற்று மௌரீன் அக்காவின் மகள் உன் கட்டுரையை மறுபடி போனில் எடுத்தாள். எங்களைச் சீண்டத்தான். எடுத்தவள் விழித்தாள்.

"ஆறு இருக்குது. எட்டு இருக்குது. ஏழு எங்கே போச்சு?"

"எங்கனா ஓடிப்போயிருக்கும்" என்றார் அக்கா. "எண்ணத் தெரியாதவளுக்கா டாக்டர் பட்டம் குடுக்கிறாங்க?"

கீழே சின்ன எழுத்தில் தேதி இருந்தது. திருத்தப்பட்டது, மே 22. நீ மே 24 அன்று எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். தலைவலி என்று எழுதியிருக்கிறாய். வேறொன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய்.

சரி.

அம்மா சொன்னதை இப்போது எழுதுகிறேன். "நானுந்தாண்டி" என்றாள். அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு, மற்றவளுக்குத் தெரியக் கூடாது என்று. அம்மாவுக்கு அப்பா ஞாபகமே இல்லை என்று நான் நினைத்தேன். எனக்கு ஞாபகமே இல்லை என்று அம்மா நினைத்தாள். சாயங்காலம் எழுந்து போய் அந்தக் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாள். எத்தனை வருடமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது தெரியுமா? சத்தம் கேட்கட்டும் என்றுதான் இருவரும் விட்டிருந்தோம்.

இதற்கெல்லாம் உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். நல்லது நடந்துவிட்டதால் நீ செய்தது நல்லதாகிவிடாது.

ஒரு தாள் தப்பித்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். மௌரீன் அக்கா வடையை அதில் வைத்துப் பிழிந்துவிட்டார். எண்ணெய்த் தாள் பறக்காது, அதனால் கிழிக்காமல் விட்டிருக்கிறார்கள். முதல் தாள், எண் ஒன்று. கையெழுத்து உன்னுடையது. கேள்வி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நீயே நிரப்பியதா?

கேள்வி 14. எந்தக் காட்சியில் அழுவீர்கள்? ஏன்?

நீ எழுதியிருப்பது: 'கதவுக் காட்சி. அங்கேதான் சுனி என் கையைப் பிடிப்பாள். அவள் பிடிக்கும்வரை எனக்கு அழுகை வராது.'

அடி மக்கு. இதைக் கட்டுரையில் போட்டிருக்கலாமே. மௌரீன் அக்காவுக்கே புரிந்திருக்கும்.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை. பச்சை துப்பட்டா போட்டு சீட் பிடித்து வைப்பேன். லேட்டாக வந்தால் எடுத்துவிடுவேன்.

சுனி

*

புது டெல்லி
21 செப்டம்பர் 2025

க. வா.

சுனி,

சுகமாக வந்து சேர்ந்தேன். தொண்டை போய்விட்டது, ஒன்பது நாளாகியும் குரல் திரும்பவில்லை. இருமல் இல்லை, கத்தியது. உனக்கு எப்படி?

நேற்று பையைக் காலி செய்தேன். உள்ளே எட்டுத் தாள் துண்டுகள். தலையை அன்று நீயே தட்டிவிட்டாய், பையை மறந்துவிட்டோம். துண்டுகளில் எழுத்து இருக்கிறது. யாருடையது என்று பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே போட்டேன், போய்விட்டன.

அத்தை அப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவே இல்லை. கதவு திறக்கிறது, திரையில் அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை எழுந்து நின்று, பால்கனி முழுக்கக் கேட்க, "அட உள்ள வாப்பா, சோறு ஆறுது!" முழு வரிசையும் சிரித்தது. மௌரீன் அக்கா, "எல்லம்மா, டயலாக் நீயே பேசிட்டா அவங்களுக்கு எதுக்குச் சம்பளம்?" என்றார். சிரிப்பு ஓய்வதற்குள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம். எது எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. எத்தனை விநாடி என்றும் தெரியாது.

நீ மட்டும் அழவில்லை. பார்த்தேன். அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

திங்கட்கிழமை சார் கூப்பிட்டார். ரிலீஸ் நாள் எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன்.

"நோட்ஸ் எடுத்தியோ?"

"இல்ல சார்."

"ஒரு வரிகூடவா? ஏம்மா?"

"கை காலியா இல்ல சார்."

அத்தையின் முட்டிக்கு என் வணக்கம்.

தீபி